அவன் சோம்பேறி இல்லை பாஸ்!

உங்க செட்டில் இப்படி ஒரு பார்ட்டி கண்டிப்பா இருப்பான். லேப் ரெக்கார்டை ராத்திரியெல்லாம் முழிச்சு எழுதுவான். சப்மிட் பண்ற அன்னிக்கு ஹாஸ்டலிலேயே விட்டுட்டு வருவான். ஹால் டிக்கெட்டை ஜெராக்ஸ் கடையில் தொலைப்பான். ப்ளஸ் டூவில் சூப்பர் மார்க், இப்போ நாலு அரியர். 'திமிரு', 'சோம்பேறி', 'காலேஜ் வந்து கெட்டுப் போயிட்டான்'னு ஆளுக்கொரு பட்டம் கொடுத்திருப்போம்.

ஆனா, டாக்டர்கள் இதுக்கு வேற பேர் சொல்லலாம். ஏ.டி.ஹெச்.டி. அதாவது, கவனக் குறைபாடும் மிகைத்துடிப்பும்.

இது நேத்து முளைச்ச ஃபேஷன் வியாதி இல்லை. புத்தியில் குறை இல்லாம, தன்னைக் கட்டுப்படுத்திக்க மட்டும் திணறும் குழந்தைகளைப் பற்றி, 1902-லேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற டாக்டர் பேசியிருக்கார். உலக அளவில் நூறு குழந்தைகளில் சுமார் ஐந்து பேருக்கு இது இருக்கு. இதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால, 'வளர்ப்பு சரியில்லை'னு அம்மாக்களைத் திட்டுறதை நிறுத்திக்கலாம்.

'கேம் ஆடும்போது மட்டும் மூணு மணி நேரம் அசையாம உட்கார்றானே!'ங்கிறீங்களா? விஷயமே அங்கதான் இருக்கு. கவனம் ஸ்டாக் இருக்கு. அதை வேணுங்கிற பக்கம் திருப்புற ஸ்டியரிங்தான் மக்கர் பண்ணுது.

சரி, ஸ்கூலில் ஏன் தெரியலை? எழுப்பிவிட அம்மா, உட்காரவைக்க ட்யூஷன் சார், தினம் ஒரு டெஸ்ட்னு சுத்தி முட்டுக்கொடுத்திருந்தாங்க. ஹாஸ்டலுக்கு வந்ததும் அத்தனை முட்டும் ஒரே நாளில் போச்சு. பொண்ணுங்க விஷயம் இன்னும் மோசம். ஓடி ஆடி ரகளை பண்ணாம, ஜன்னலைப் பார்த்து அமைதியா கனவு காண்ற பொண்ணை 'சமத்து'னு விட்டுடுவாங்க.

அரியரை எழுதி கிளியர் பண்ணிடலாம். ஆனா, எல்.கே.ஜி-யிலிருந்து 'நீ உருப்படமாட்டே'னு கேட்டே வளர்ந்தவன், ஒரு கட்டத்தில் அதை நம்பிடுவான். மனச்சோர்வு, பதற்றம், போதைப் பழக்கம்னு அடுத்தடுத்து வர வாய்ப்பு அதிகம்.

'அய்யய்யோ, எனக்கும் அதேதான்!'னு ரீல்ஸ் பார்த்து முடிவு பண்ணிடாதீங்க. 2013-ல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் கணக்கு கறாரானது. அறிகுறிகள் 12 வயசுக்கு முன்னாடியே தலைகாட்டியிருக்கணும். ஆறு மாசமாவது விடாம தொடரணும். வீடு, கிளாஸ்னு குறைஞ்சது ரெண்டு இடத்திலாவது தெரியணும். அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கணும். போன வருஷம் புது போன் வாங்கின பிறகு வந்த மறதி இதில் சேராது! தூக்கம் கெட்டாலும் கவனம் சிதறும். ரத்தப் பரிசோதனை, ஸ்கேனில் கண்டுபிடிக்கவும் முடியாது. மனநல மருத்துவர் உட்காரவெச்சுப் பேசித்தான் சொல்லணும்.

மருந்து இருக்கு; வேலையைச் சின்னச் சின்னதா பிரிச்சு முடிக்கிற பயிற்சியும் இருக்கு. ஆனா, பரீட்சைக்கு முதல் நாள் ஃப்ரெண்டோட மாத்திரையைக் கடன் வாங்கி முழுங்குற வேலை வேண்டாம். மெத்தில்ஃபெனிடேட் நம்ம நாட்டில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிற மருந்து.

ஒன்பது வயசில் இந்தக் குறைபாடு கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பையன், ஒலிம்பிக்கில் 23 தங்கம் அள்ளினான். நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ்தான் அது. எல்லோரும் ஃபெல்ப்ஸ் ஆக வேண்டாம். செமஸ்டரைத் தாண்டினாலே போதும். எங்கே போறதுன்னு தெரியலைன்னா, மத்திய அரசின் 'டெலி மனஸ்' எண் 14416. எந்நேரமும் கூப்பிடலாம், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அடுத்த தடவை அவன் ரெக்கார்டை மறந்துட்டு வந்து முழிக்கும்போது, 'உனக்கு இதே பொழப்பாடா?'னு கேட்காதீங்க. டீ வாங்கிக் கொடுத்து, 'சின்ன வயசிலிருந்தே இப்படித்தானாடா?'னு கேட்டுப் பாருங்க. அந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவன்கிட்ட கேட்டிருக்க மாட்டாங்க!