பாத் நகரின் நிகழ்வுக் கவிதைகள்

பாத், இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் ஏவன் ஆற்றங்கரையில் உள்ள வெந்நீர் ஊற்று நகரம். 18-ஆம் நூற்றாண்டில் நோய் தீர்க்கவும் பொழுதுபோக்கவும் வந்தவர்களைச் சார்ந்து இந்நகரம் வளர்ந்தது. வந்தவர்களைப் பற்றியும் அவர்களுக்காகவும் இங்கு எழுதப்பட்ட செய்யுள்கள் நிகழ்வுக் கவிதைகள் எனப்படுகின்றன. ஒருவரின் வருகை, நடன விருந்து, மணம், மரணம், கிசுகிசு என அன்றாடம் நடந்தவையே இவற்றின் பொருள். ஆங்கில இலக்கிய வரலாறுகளில் இவற்றுக்குப் பெரும்பாலும் கேலியே கிடைத்திருக்கிறது. ஆனால் பெயர் பெறாத பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அச்சேறும் வழியாக இருந்தவை இவை.

பின்னணி

1700-ஐ ஒட்டிப் பாத்தின் மக்கள்தொகை சுமார் 2,000 முதல் 3,000 வரைதான். 1801 கணக்கெடுப்பில் அது முப்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. ஆன் அரசி 1702, 1703 ஆண்டுகளில் வந்து சென்றபின் உயர்குடியினரின் வருகை பெருகியது. 'போ' நாஷ் எனப்பட்ட ரிச்சர்ட் நாஷ் விழா நெறியாளராக இருந்து, எப்போது நீராடுவது, எப்போது நடனம், என்ன உடை என்பதற்கெல்லாம் விதிகள் வகுத்தார்.

வந்தவர்கள் வாரக்கணக்கில் தங்கினார்கள். காலையில் ஊற்றுநீர் குடிப்பதும் மாலையில் நடனமும் சீட்டாட்டமும் போக நிறைய நேரம் மிச்சமிருந்தது. பணம் கட்டிப் புத்தகக் கடைகளில் உறுப்பினராகி நூல்களை இரவல் பெறும் வழக்கம் இருந்தது. ஜேம்ஸ் லீக்கின் கடை அவற்றுள் புகழ்பெற்றது. நாவலாசிரியர் சாமுவேல் ரிச்சர்ட்சனின் இரண்டாம் மனைவி லீக்கின் சகோதரி. ஒருவர் எழுதிய செய்யுள் கைப்படியாகச் சுற்றி, பத்திரிகையில் இடம்பிடித்து, பிறகு தனிப் பிரசுரமாக வருவது இத்தகைய ஊரில் எளிதாயிற்று.

நாஷின் முழு உருவ ஓவியம் மண்டபம் ஒன்றில் நியூட்டன், போப் ஆகியோரின் மார்பளவுச் சிலைகளுக்கு நடுவே வைக்கப்பட்டபோது ஒரு கிண்டல் பாட்டு கிளம்பியது. அறிவும் நகைத்திறமும் சிறிதாய் நிற்க, மடமை முழு உயரத்தில் நிற்கிறது என்பது அதன் சாரம். இது செஸ்டர்ஃபீல்டு பிரபுவின் பெயரில் பரவியது. ஆனால் இந்தப் பொருளில் ஜேன் பிரெரடன் என்ற பெண் எழுதிய செய்யுள், அவர் இறந்தபின் 1744-இல் வந்த அவரது தொகுப்பில் உள்ளது. இருவரில் எவருக்கு எவ்வளவு பங்கு என்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. பெயரில்லாமல் சுற்றும் பாட்டு பெரிய மனிதரின் கணக்கில் சேர்ந்துவிடுவது வழக்கம்தான்.

மேரி சாண்ட்லர்

பெண்களுக்கான தொப்பியும் அலங்காரப் பொருட்களும் விற்கும் கடையைப் பாத்தில் நடத்தியவர் மேரி சாண்ட்லர் (1687-1745). முதுகெலும்புக் கோணல் உடையவர். தனித்து வாழ்ந்து உழைத்துச் சம்பாதித்தவர். நகரைப் பற்றிய அவரது நெடுங்கவிதை 1733-இல் வெளிவந்து பல பதிப்புகள் கண்டது. பின்வந்த பதிப்புகளை வெளியிட்டவர் லீக். அதைப் படித்துவிட்டு வசதி படைத்த ஒருவர் தொலைவிலிருந்து வந்து மணம் பேசினார். ஐம்பது வயதைக் கடந்திருந்த சாண்ட்லர் மறுத்துவிட்டு, அந்தச் சம்பவத்தையும் கவிதையாக்கினார். சொந்தக் கடையும் சுதந்திரமும் உள்ள பெண் அவற்றை ஏன் விட்டுத்தர வேண்டும் என்ற கேள்வி அதில் உள்ளது.

ஆன்ஸ்டியும் ஷெரிடனும்

பாத்தைப் பற்றிய செய்யுள்களில் மிகுதியாக விற்றது கிறிஸ்டோபர் ஆன்ஸ்டியின் 'புதிய பாத் வழிகாட்டி' (1766). நாட்டுப்புறக் குடும்பம் ஒன்று பாத்துக்கு வந்து மருத்துவர்களிடமும் நாகரிகத்திடமும் படும் பாட்டைக் கடிதங்களாகச் சொல்லும் நூல் இது. துள்ளிச் செல்லும் அதன் சந்தத்தைப் பலர் பின்பற்றினர். இதன் பதிப்புரிமையை 200 பவுனுக்கு வாங்கிய லண்டன் பதிப்பாளர் டாட்ஸ்லி, போதுமான லாபம் கிடைத்துவிட்டது என்று சுமார் பத்தாண்டுகளுக்குப் பின் உரிமையை ஆசிரியருக்கே திருப்பித் தந்தார். பதிப்பாளர்களிடம் அபூர்வமாகவே காணப்படும் குணம் இது.

1771 செப்டம்பர் இறுதியில் புதிய நடன மண்டபங்கள் திறக்கப்பட்டன. அன்றைய கூட்ட நெரிசலையும் விருந்து மேசைமீது நடந்த முற்றுகையையும் ஆன்ஸ்டியின் பாணியில் கேலி செய்த பாட்டு அடுத்த மாதமே 'பாத் குரோனிக்கிள்' இதழில் வந்தது. எழுதியவர் இருபது வயதுகூட நிறையாத ரிச்சர்ட் பிரின்ஸ்லி ஷெரிடன், பின்னாளில் புகழ்பெற்ற நாடக ஆசிரியர்.

பாத்ஈஸ்டன் பூச்சாடி

நகருக்குக் கிழக்கே சில மைல் தொலைவில் பாத்ஈஸ்டன் என்ற ஊரில் அன்னா மில்லரும் (1741-1781) அவர் கணவர் ஜான் மில்லரும் வசித்தனர். வீட்டுக்குச் செய்த செலவு கைமீறியதால் சிக்கனம் கருதி வெளிநாடு சென்ற இவர்கள், இத்தாலியிலிருந்து ஒரு பழங்காலப் பூச்சாடியை வாங்கி வந்தனர். அது ஃப்ரஸ்காட்டியில் தோண்டி எடுக்கப்பட்டது. அதை வைத்தே கவிதைப் போட்டி ஒன்றை அன்னா தொடங்கினார்.

பருவ காலத்தில் குறிப்பிட்ட வியாழக்கிழமைகளில் விருந்தினர் கூடுவர். முன்பே அறிவித்த பொருளிலோ, கொடுக்கப்பட்ட இயைபுச் சொற்களில் முடியும்படியோ எழுதிய செய்யுள்களைச் சாடிக்குள் இடுவர். ஒவ்வொன்றாக எடுத்து வாசிக்கப்படும். நடுவர்கள் தனியே சென்று சிறந்தவற்றைத் தேர்ந்த பிறகே எழுதியவர் தம்மை வெளிப்படுத்துவார். அன்னாவின் முன் மண்டியிட்டு மிர்ட்டில் இலை மாலையைச் சூடிக்கொள்வார். டேவிட் காரிக், ஆன்ஸ்டி, கிளாவர்டன் ஊர்ப் பாதிரியாரும் நாவலாசிரியருமான ரிச்சர்ட் கிரேவ்ஸ் ஆகியோர் இங்கு எழுதியவர்களில் சிலர்.

1775-இல் வெளியான முதல் தொகுதி பத்து நாட்களில் விற்றுத் தீர்ந்தது. 1776, 1777, 1781 ஆண்டுகளில் மேலும் மூன்று தொகுதிகள் வந்தன. விற்பனை லாபம் தருமத்துக்குச் சென்றது.

லண்டன் சிரித்தது. ஹோரஸ் வால்போல் 1775 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் மாலை சூட்டும் சடங்கையும், நார்தம்பர்லாந்து சீமாட்டி வெண்ணெய் தடவிய மஃபின் ரொட்டியைப் பற்றிச் செய்யுள் கட்டியதையும் ஏளனம் செய்தார். இயைபு கொடுத்துப் பாடச் சொல்வது வெறும் வித்தை என்று சாமுவேல் ஜான்சன் கருதினார். 1780-இல் நேரில் போன ஃபேன்னி பர்னி, லண்டனில் கேலிக்குரியதாக இருப்பது பாத்தில் பெருமைக்குரியதாக இருப்பதைக் குறித்து வைத்தார்.

கேலியில் நியாயம் உண்டு. தொகுதிகளில் பெரும்பகுதி முகத்துதிதான். ஆனால் வாசிக்கும்போது பெயர் தெரியாது என்ற ஏற்பாட்டில் சீமாட்டியின் செய்யுளும் பாதிரியார் மகளின் செய்யுளும் ஒரே சாடியிலிருந்து வந்தன. லிச்ஃபீல்டைச் சேர்ந்த அன்னா சீவார்டு அப்படி எழுதத் துணிந்தவர். கேப்டன் குக்குக்கு எழுதிய இரங்கற்பா (1780) மூலம் அவர் நாடறிந்த கவிஞரானார். வால்போலின் கடிதத்தை மட்டும் படிப்பவருக்கு இந்தப் பக்கம் தெரிய வாய்ப்பில்லை.

அன்னா மில்லர் 1781 ஜூனில் இறந்தபின் கூட்டங்கள் நின்றன. பாத் தேவாலயத்தில் உள்ள அவரது நினைவுச் சின்னத்தைச் செதுக்கியவர் ஜான் பேக்கன், கல்லறை வாசகம் எழுதியவர் சீவார்டு. பூச்சாடி பிற்காலத்தில் நகரப் பூங்கா ஒன்றில் வைக்கப்பட்டது.

அச்சகங்கள்

1744 முதல் பாத்தில் வார இதழ்கள் வெளிவந்தன. 'பாத் குரோனிக்கிள்' இதழை 1768 முதல் நடத்திய ரிச்சர்ட் க்ரட்வெல், கவிதை நூல்களையும் அச்சிட்டார். வில்லியம் லைல் பவுல்ஸின் 14 சானெட்டுகள் கொண்ட மெல்லிய பிரசுரம் 1789-இல் இவர் அச்சகத்திலிருந்து நூறு படிகள் மட்டும் வந்தது. அதே ஆண்டில் அது 21 சானெட்டுகளாக விரிந்து மறுபதிப்புக் கண்டது. பள்ளி மாணவராக அதைப் படித்த கோல்ரிட்ஜ், நண்பர்களுக்குத் தருவதற்காக ஒன்றரை ஆண்டுக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட கைப்படிகள் எடுத்தார். சதே, ராபர்ட் லவெல் இருவரின் கூட்டுத் தொகுப்பும் 1795-இல் இங்கேயே அச்சானது.