மூளையில் ரத்தம், நடுவே கடல்

தென்னையிலிருந்து விழுந்தவர் எழுந்து உட்கார்கிறார், தண்ணீர் கேட்கிறார், "ஒண்ணுமில்லை" என்கிறார். இது பெரிய நிக்கோபாரின் கேம்பல் பேயில் நடந்தால் அந்த வார்த்தையை நம்பி வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. அந்தமான் நிக்கோபார் தீவுக்கூட்டத்தின் தலைமை மருத்துவமனையான ஜி.பி. பந்த் இருப்பது போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்). நடுவே 500 கிலோமீட்டருக்கு மேல் கடல்.

மூளைக்கு மூன்று உறைகள். எந்த உறைக்கு மேலே, எதற்குக் கீழே ரத்தம் கசிகிறது என்பதைப் பொறுத்தே கைவசமுள்ள நேரம்.

நெற்றிப்பொட்டில் எலும்பு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. எலும்பு விரிசல் விட்டால் அந்தத் தமனி கிழியலாம். வெளியுறை எலும்போடு ஒட்டியிருப்பதால், அதைச் சுவரிலிருந்து சுவரொட்டியை உரிப்பதுபோல் பிரித்துக்கொண்டுதான் ரத்தம் தேங்க வேண்டும். அந்த இடைவேளையில்தான் சிலர் தெளிவாகப் பேசுகிறார்கள். சில மணி நேரத்தில் மயக்கம், ஒரு கண்ணின் பாவை விரிதல். அதற்குள் மண்டையோட்டைத் திறந்து ரத்தத்தை எடுத்தால் பலர் முழுதாகவே மீள்கிறார்கள். அடியிலுள்ள மூளைக்கு அவ்வளவாகச் சேதம் இருப்பதில்லை. காப்பாற்றக்கூடியதும் இதுதான், தாமதத்தால் இழப்பதும் இதுதான்.

வெளியுறைக்குக் கீழே சிரைகள் கசிவது வேறு கதை. முதுமையில் மூளை சற்றுச் சுருங்குவதால் சிரைகள் இழுபட்டு நிற்கும். நிலைப்படியில் இடித்துக்கொண்டதே போதும். வாரக்கணக்கில் ரத்தம் சேர்ந்து, தாத்தா ஒரு நாள் நடை தடுமாறுவார், பேரனின் பெயரை மறப்பார். வயசாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம்.

நடுவுறைக்கும் உள்ளுறைக்கும் இடையே தமனியின் புடைப்பு வெடித்தால், வாழ்நாளில் காணாத தலைவலி நொடிகளில் உச்சம் தொடும். மூளைத் திசுவுக்குள்ளேயே கசிவதற்கு முதல் காரணம் உயர் ரத்த அழுத்தம். ஒரு பக்கக் கை கால் விழுந்துவிடும். ரத்தக்குழாய் அடைத்தாலும் அதேதான் நடக்கும். அடைப்புக்கு நாலரை மணி நேரத்துக்குள் தரும் கட்டி கரைக்கும் மருந்து, கசிவுக்கு எமன். சி.டி. ஸ்கேன் இல்லாமல் கைபார்த்துச் சொல்லவே முடியாது.

2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட சென்னை–அந்தமான் கடலடிக் கேபிள், சுமார் 2,300 கிலோமீட்டர், கேம்பல் பே உள்ள தீவையும் தொடுகிறது. ஸ்கேன் படம் எடுத்துவிட்டால் அது கண்ணிமைக்கும் நேரத்தில் சென்னை போகும். நோயாளிதான் ஹெலிகாப்டருக்கும் மழைக்கால வானத்துக்கும் காத்திருக்க வேண்டும். ஆகவே படத்தைவிட, முதல் துளை போடத் தெரிந்த கை தீவிலேயே இருப்பது முக்கியம் என்பேன்.

அதற்கு ஓர் உதாரணம்: 1962 மார்ச்சில் பார்படாஸ் தீவில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து இந்தியக் கிரிக்கெட் கேப்டன் நாரி கான்ட்ராக்டரின் மண்டையைப் பிளந்தது. உள்ளூர் அறுவை மருத்துவர் முதலில் திறந்து அழுத்தத்தைக் குறைத்தார்; பிறகுதான் டிரினிடாடிலிருந்து நரம்பியல் அறுவை நிபுணர் பறந்து வந்தார். எதிரணியின் ஃபிராங்க் வொரெல் ரத்தம் கொடுத்தார். கான்ட்ராக்டர் மறுபடி டெஸ்ட் ஆடவில்லை. முதல்தரப் போட்டிகளில் மட்டை பிடித்தார்.