பாட்டிலில் அடைத்த பிடிவாதம்

ஊரே புதிய பாணிக்கு மாறியபோதும் தாத்தா காலத்து ஒயினை விடாத ஓர் இத்தாலியக் குடும்பம்

ஒயின் பாட்டிலில் அரசியல் கோஷமா? 1999ஆம் ஆண்டு அறுவடையில் தயாரான தன் ஒயினுக்கு பார்த்தோலோ மஸ்கரெல்லோ கையால் வரைந்த லேபிள் அப்படித்தான் முழங்கியது: பரீக்கும் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம். பெர்லுஸ்கோனி, இத்தாலியின் கோடீஸ்வர அரசியல்வாதி. பரீக்? 225 லிட்டர் பிடிக்கும் சின்ன ஓக் பீப்பாய். அதன் மீது ஏன் இத்தனை கோபம்?

காரணம் வட இத்தாலியின் பியட்மாண்ட் குன்றுகளில் இருக்கிறது. பாரோலோ என்ற சிற்றூரின் பெயரையே தாங்கிய சிவப்பு ஒயின், நெபியோலோ என்ற ஒரே திராட்சையில் தயாராவது. துவர்ப்பு அதிகம். பழைய முறையில் வாரக்கணக்கில் தோலோடு ஊறவைத்து, பிரம்மாண்டமான பழைய பீப்பாய்களில் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பீப்பாயிலும் அதன் பிறகுமாகச் சட்டப்படியே மொத்தம் குறைந்தது 38 மாதம்.

80களின் இளைஞர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. புது பரீக்கில் ஒயின் சீக்கிரம் மென்மையாகும். வனிலா மணமும் சேரும். அமெரிக்கச் சந்தை வரவேற்றது. 1983இல் எலியோ அல்தாரே என்ற இளைஞர் அப்பாவின் பெரிய பீப்பாய்களை ரம்பத்தால் அறுத்தே தள்ளினார். ஆத்திரமடைந்த தந்தை மகனுக்குச் சொத்தில் பங்கில்லை என்று எழுதிவிட்டார்.

மஸ்கரெல்லோ அசையவில்லை. இரண்டாம் உலகப் போரில் பாசிசத்தை எதிர்த்த கொரில்லாப் படையில் இருந்தவர் அவர். குடும்பத்துக்கு இருப்பது சுமார் 5 ஹெக்டேர்தான். கன்னூபி, சான் லொரென்சோ, ருவே ஆகிய தோட்டங்கள் பாரோலோவில். ரோக்கே பக்கத்து ஊரான லா மோர்ராவில். புகழ்பெற்ற கன்னூபி பெயரில் தனி ஒயின் விற்றால் கூடுதல் விலை கிடைக்கும். ஆனால் தந்தை ஜூலியோ செய்ததுபோலவே நான்கையும் கலந்து ஒரே பாரோலோ.

2005இல் அவர் மறைந்தபின் பொறுப்பேற்ற மகள் மரியா தெரசாவும் இதே வழியில்தான். ருசிகரமான திருப்பம், பரீக்குக்குத் தாவிய பலரும் பிறகு பெரிய பீப்பாய்க்கே திரும்பியதுதான்.

ருசிச் சண்டை ஓய்ந்தாலும் நிம்மதி இல்லை. 2014இல் யுனெஸ்கோ இந்தக் குன்றுகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. நிலத்தின் விலையோ ஹெக்டேருக்குப் பத்து லட்சம் யூரோவையும் தாண்டியது. 2016இல் வியெட்டி என்ற பழம்பெரும் குடும்ப நிறுவனமே அமெரிக்கத் தொழிலதிபர் ஒருவர் கைக்குப் போனது. பீப்பாயைக் காப்பாற்றிய குடும்பங்களுக்கு முன்னால் இப்போது நிலத்தைக் காப்பாற்றும் சவால்.