சேத்தக் ஸ்கூட்டரின் முன்பகுதியைப் பிரித்தல்

1972இல் அறிமுகமான பஜாஜ் சேத்தக், இத்தாலியின் வெஸ்பா ஸ்பிரிண்ட் வடிவமைப்பை ஒட்டியது. உடல் முழுவதும் இரும்புத் தகடு என்பதால் பழைய பெயிண்டைச் சுரண்டி, நெளிவைத் தட்டி, மீண்டும் வண்ணம் பூசலாம். அதற்குமுன் முன்பகுதியைப் பிரிப்பதுதான் சிக்கலான வேலை.

மட்கார்டை மட்டும் தனியே கழற்றிவிடலாம் என்று பலர் நினைப்பர். முடியாது. போர்க்கின் தண்டு மட்கார்டில் உள்ள துளை வழியே மேலேறுகிறது. ஹேண்டிலைக் கழற்றி, போர்க்கைக் கீழே இறக்கினால்தான் மட்கார்டு வெளியே வரும்.

முதலில் வண்டிக்கு அடியில் கட்டை கொடுத்து முன்சக்கரத்தைக் கழற்ற வேண்டும். முன் பிரேக் கேபிளும் ஸ்பீடோமீட்டர் கேபிளும் போர்க் தண்டுக்குள் ஓடுபவை. அவற்றை விடுவிக்க வேண்டும். கிளட்ச், கியர் கேபிள்கள் உடலுக்குள் ஓடுகின்றன. அவற்றை உருவும்போது முனையில் மெல்லிய கம்பியைக் கட்டிவிட்டால், பின்னர் புதிய கேபிளை அந்தக் கம்பியாலேயே இழுத்துக்கொள்ளலாம். கியர் கேபிள்கள் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். அடையாளம் இடுவது அவசியம்.

ஹேண்டிலைத் தூக்கியபின் பள்ளம் வெட்டிய வளைய நட்டுகள் தெரியும். உளியால் அடித்தால் பள்ளங்கள் சிதையும். கொக்கி ஸ்பேனரே ஏற்றது. கடைசி நட்டு கழலும்போது ஒருவர் போர்க்கைத் தாங்கிக்கொள்ள வேண்டும். சில வண்டிகளில் பால்ஸ் உதிரியாக இருக்கும். கீழே வெள்ளைத் துணி விரிப்பது நல்லது. (ஒற்றைக் குண்டைத் தேடி ஒரு மாலை முழுவதும் தரையில் தவழ்ந்த அனுபவம் எனக்குண்டு.)

பால்ரேஸ் அமரும் இடத்திலும் மரையிலும் பெயிண்ட் படக்கூடாது. படிந்தால் ரேஸ் சரியாக அமராது, ஹேண்டில் ஆடும். திரும்பப் பூட்டும்போது நட்டை மிகையாக இறுக்கினாலோ ஹேண்டில் கனத்து, வளைவில் வண்டி சொன்னபடி திரும்பாது.