பூட்டுப் பட்டறையும் முனைவர்ப் பட்ட ஆய்வும்

திண்டுக்கல்லினின்று மதுரை செல்லும் வழியில், சின்னாளபட்டியை ஒட்டி அமைந்துள்ளது காந்திகிராமம். டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரன் அவர்களும் 1947-இல் தோற்றுவித்த அந்நிலையத்தினின்று 1956-இல் கிராமியக் கல்வி நிறுவனம் உருப்பெற்றது. 1976-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. ஊர்மக்களோடு கூடிக் கற்றலே அதன் அடிப்படைக் கருத்து. எனினும், முனைவர்ப் பட்ட மாணவர் ஒருவர் கல்விக்கூடத்திற்குப் புறத்தே உள்ளாரோடு சேர்ந்து ஆராயுங்கால் எழும் இடர்ப்பாடுகள் பல. அவற்றுள் தலையாயதனைத் திண்டுக்கல் பூட்டுத் தொழிலைக் கொண்டு ஈண்டு நோக்குவாம்.

நெம்புத் தகடு அமைந்த பூட்டினுள் தகடுகள் சில, வில்லால் அழுத்தப்பட்டு அடுக்காக நிற்கும். சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்திற்குத் தூக்கினாலன்றித் தாழ் நகராது. உயரம் சிறிது மிகினும் குறையினும் பூட்டுத் திறவாது. அவ்வுயரங்களை அரங்கொண்டு அராவி அமைப்பது கொல்லர் கை. மாங்காய் வடிவினதாகிய மாங்காய்ப் பூட்டு, மணியோசை எழுப்பும் மணிப்பூட்டு முதலிய வகைகள் இவ்வூர்க்குப் பெயர் தந்தன. தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் விண்ணப்பத்தின்பேரில் 2019-இல் திண்டுக்கல் பூட்டிற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அக்குறியீடு காப்பது பெயரை, உள்ளமைப்பையன்று. வேற்றூர்ப் பூட்டைத் திண்டுக்கல் பூட்டென்று விற்றல் குற்றமாகும். திண்டுக்கல் பூட்டின் நுட்பத்தை அறிந்து வேறு பெயரால் செய்து விற்பாரை அது தடுக்காது. இனி, ஆய்வேட்டின் நிலை யாது? பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளின்படி, பட்டம் பெற்ற ஆய்வேட்டின் மின்படி பொதுக் களஞ்சியத்தில் வைக்கப்பெறும். யாரும் படிக்கலாம். பூட்டின் மதிப்போ அதன் உள்ளமைப்புப் பிறர் அறியாமையில் உள்ளது. கொல்லர் தாமே புதிதாகக் கண்ட ஓர் அமைப்பு, அவர் இசைவோடு ஆய்வேட்டில் வெளியாகிவிடின், பின்னர் அதற்குக் காப்புரிமை வேண்டுதற்கும் பெரும்பாலும் வழியிராது. வெளியானது புதுமையெனக் கொள்ளப்படுவதில்லை. மாணவர்க்குப் பட்டமும் கொல்லர்க்கு இழப்பும் ஒரே ஏட்டால் விளைதல் நேர்மையாகாது.

பிரான்சு நாட்டில் 1981 முதல் நடைபெறும் சிஃப்ரே திட்டத்தில் ஆய்வு மாணவர் ஒரு நிறுவனத்தின் ஊதியப் பணியாளராகவே அமர்கின்றார். எதனை வெளியிடலாம், எதனை மறைக்கலாம் என்பது நிறுவனமும் ஆய்வகமும் செய்துகொள்ளும் உடன்படிக்கையில் வரையறுக்கப்படும். பட்டறைக் கொல்லர்க்கு வழக்கறிஞர் இலர். ஆதலின் அவர்க்காக நினைக்கும் கடமை நெறியாளரைச் சார்கின்றது. (நெறியாளர் பலர் பட்டறையை ஒருமுறையேனும் சென்று காணாதது வருந்தத்தக்கது.) களப்பணி தொடங்குமுன் எளிய தமிழில் ஓர் ஒப்பந்தம் எழுதுதல் வேண்டும். அளவுகளும் உள்ளமைப்பு வரைபடங்களும் கொல்லர் இசைந்தாலன்றி ஏட்டில் இடம்பெறலாகா. முடிந்த இயல்களைப் பட்டறையிலேயே படித்துக் காட்டி, அவர் நீக்கச் சொல்வனவற்றை நீக்குதலும் முறையாம். இதனால் ஆய்வு மெலியும் என்பார் உளர். பொறியியல் ஆய்வுக்கு அஃது ஓரளவு பொருந்தும்.

தமிழாய்வுக்குப் பொருந்தாது. உறுப்புகளுக்கும் கருவிகளுக்கும் பட்டறையில் வழங்கும் பெயர்களை வெளியிடுவதால் எப்பூட்டும் திறந்துவிடாது. போர்ச்சுகீசியர் தந்த ‘சாவி’ ‘திறவுகோலை’ப் பேச்சு வழக்கினின்று பெரிதும் விலக்கிவிட்டது, ‘லீவர்’, ‘ஸ்பிரிங்’ என்பன பின்னர்ப் புகுந்தன. அவற்றிற்கு முன் கொல்லர் நாவில் இருந்தவை எவை என்பதை முதிய தொழிலாளரிடமே கேட்டறிதல் வேண்டும். இளைஞர் இத்தொழிலை விட்டு நீங்கிவரும் இந்நாளில், அவ்வினாவைக் காலந்தாழ்த்தாது கேட்டல் வேண்டும்.