உதவி செய்றதும் நம்ம சந்தோஷத்துக்காகத்தானா?

ரத்த தானம் பண்ணிட்டு வர்றவங்ககிட்ட யாராவது ஒருத்தர் இதைச் சொல்லாம இருக்க மாட்டாங்க: "உனக்கு அதுல ஒரு திருப்தி கிடைக்குது. அதுக்காகத்தானே பண்ற?" சட்டுனு பதில் வராது. ஏன்னா, திருப்தி கிடைக்கிறது உண்மை. அப்போ மனுஷங்க செய்ற எல்லாமே சொந்த சந்தோஷத்துக்காகத்தானா? இந்த எபிசோட்ல நான் பேசப்போறது இதைப் பத்தித்தான்.

கேள்வி ரொம்பப் பழசு. 17-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த தத்துவ அறிஞர் தாமஸ் ஹாப்ஸ் பற்றி, அவரோட நண்பர் ஜான் ஆப்ரி ஒரு சம்பவத்தை எழுதி வச்சிருக்கார். லண்டன் தெருவில் பிச்சை கேட்ட ஒரு முதியவருக்கு ஹாப்ஸ் ஆறு பென்னி கொடுத்தார். ஏன் கொடுத்தீங்கன்னு கூட இருந்த பாதிரியார் கேட்டார். அந்த முதியவரின் நிலைமையைப் பார்த்து எனக்கே வேதனையா இருந்தது, இந்தக் காசு அவருக்கும் ஆறுதல், எனக்கும் ஆறுதல்னு ஹாப்ஸ் சொன்னாராம்.

இங்க நாம ஒண்ணு கேட்கணும். உதவுறவருக்கு வேண்டியது எதிரில் இருப்பவரின் கஷ்டம் தீரணும்ங்கிறதா, தன்னோட வேதனை தீரணும்ங்கிறதா? தன் வேதனை மட்டும்தான்னா உதவியே தேவையில்லை. இடத்தைக் காலி பண்ணினாலே போதும்.

இதை அமெரிக்காவில் டேனியல் பேட்சன் குழு சோதிச்சுப் பார்த்தது. ஆய்வு 1981-ல் வெளிவந்தது. எலேன் என்ற பெண் கரண்ட் ஷாக் வாங்குறதை மாணவிகள் திரையில் பார்த்தாங்க. (ஷாக் நிஜமில்லை, நடிப்பு. அது அவங்களுக்குத் தெரியாது.) கொஞ்ச நேரம் பார்த்துட்டுக் கிளம்பிடலாம், இல்லைன்னா எலேனுக்குப் பதிலா மீதி ஷாக்கை வாங்கிக்கலாம். எலேன் தன்னைவிட ரொம்ப வித்தியாசமானவள்னு நினைச்ச 11 பேரில் 2 பேர்தான் வாங்கிக்க முன்வந்தாங்க. தன்னைப் போன்றவள்னு நினைச்ச 11 பேரில் 10 பேர் முன்வந்தாங்க! கதவு திறந்திருந்தும் அவங்க போகலை.

"போயிருந்தா குற்ற உணர்ச்சி வருமே, அதுக்குப் பயந்திருக்கலாமே?"ன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. சின்ன ஆய்வுதான், இது மட்டுமே தீர்ப்பு சொல்லிடாது. ஆனா 1726-ல் ஜோசப் பட்லர் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் வெளியிட்ட உரைகள்ல இன்னும் அடிப்படையான ஒரு பதில் இருக்கு. அதை நம்ம ஊர் உதாரணத்தோட சொல்றேன்.

சிஎஸ்கே ஜெயிச்சா உங்களுக்கு ஏன் சந்தோஷம்? அவங்க ஜெயிக்கணும்னு நீங்க ஏற்கனவே ஆசைப்பட்டீங்க. கிரிக்கெட்டே பிடிக்காத நண்பருக்கு அந்தச் சந்தோஷம் வராது. ஆசை முதல்ல, சந்தோஷம் பிறகு. அதே மாதிரி, ஒருத்தர் பிழைக்கணும்னு உண்மையிலேயே நினைச்சாத்தான், அவர் பிழைச்சதும் நமக்கு நிம்மதி வரும். கூடவே வர்ற நிம்மதியை நோக்கம்னு சொல்றது, பின்னாடி வர்ற நிழலுக்காகத்தான் ஒருத்தர் நடக்கிறார்னு சொல்ற மாதிரி.

இது வெறும் வாதம் இல்லை. "எல்லாமே சுயநலம்தான்"னு நம்பிட்டா, காய்ச்சல்ல நீங்க படுத்திருந்தப்போ ராத்திரி முழுக்க முழிச்சிருந்த அம்மாவுக்கும், அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவருக்கும் வித்தியாசமே இல்லாம போயிடும். ரெண்டு பேரும் தனக்குப் பிடிச்சதைச் செஞ்சாங்க, அவ்வளவுதான்னு ஆகிடும். யாருக்கும் நன்றி சொல்லவே காரணம் இருக்காது.

நம்ம எல்லாருக்கும் எதிலோ சந்தோஷம் கிடைக்குது. அது எதில் கிடைக்குதுங்கிறதுதான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். அடுத்தவர் நல்லா இருந்தா ஒருத்தருக்கு மனசு நிறையுதுன்னா, அவருக்குப் பேர் சுயநலவாதி இல்லை. நல்ல மனுஷன்னு நாம சொல்றது அவரைத்தான்.