ஜக்கூரில் வாங்கிய ஐ.ஆர். அமெரிக்காவில் செல்லுமா?

டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் பெங்களூரு தேவனஹள்ளி விமான நிலையத்தைப் பனிமூட்டம் மூடிக்கொள்ளும். வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் நம்பி ஓட்டுவதற்குத் தனித் தகுதி வேண்டும். விமானிகள் அதை ஐ.ஆர். (இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்) என்பார்கள். பெங்களூருவின் ஜக்கூர் அரசு விமானப் பயிற்சிப் பள்ளியிலோ வேறெங்கோ பயின்று, இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ. தரும் உரிமத்தில் ஐ.ஆர். பெற்ற ஒருவர் அமெரிக்காவில் சிறு விமானம் ஓட்ட விரும்பினால், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

அமெரிக்க விதி எண் 61.75, வெளிநாட்டு உரிமத்தை அடிப்படையாக வைத்துத் தனியார் விமானிச் சான்று தருகிறது. முதலில் இந்திய உரிமம் உண்மையானதா என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ., டி.ஜி.சி.ஏ.விடம் கேட்டு உறுதிசெய்யும். இதற்கே இரண்டு மூன்று மாதம் ஆகலாம். பயணச்சீட்டை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். அந்த உறுதிக் கடிதம் ஆறு மாதமே செல்லும். அதற்குள் எஃப்.ஏ.ஏ. அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். இனிஷியலா, அப்பா பெயரா என்ற நம் ஊர்க் குழப்பத்தை விண்ணப்பிக்கும் முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டிலும் உரிமத்திலும் பெயர் ஒன்றாக இருக்கட்டும்.

ஐ.ஆர். அந்தச் சான்றிலும் ஏற வேண்டுமானால், வெளிநாட்டு விமானிகளுக்கென்றே உள்ள எழுத்துத் தேர்வில் தேற வேண்டும்: 50 கேள்விகள், இரண்டரை மணி நேரம், 70 மதிப்பெண். தேறியபின் 24 மாதங்களுக்குள் விண்ணப்பிக்கலாம். பறந்து காட்டும் தேர்வு கிடையாது. ஆனால் கேள்விகள் அமெரிக்க விதிகளைப் பற்றியவை. அங்கே ஐ.ஆருக்கெனத் தனிக் காலாவதித் தேதி கிடையாது, அதற்குப் பதிலாகக் கடந்த ஆறு மாதத்தில், கருவிகளை மட்டும் நம்பி ஓடுபாதையை நெருங்கும் கருவி அணுகுமுறைகள் ஆறைச் செய்திருக்க வேண்டும். இந்தியாவில் ஆண்டுதோறும் சோதனை கொடுத்துப் பழகியவருக்கு இது புதிது. சான்று வந்தபின்னும், தனியாகக் கிளம்புமுன் பயிற்சியாளருடன் ஃபிளைட் ரிவ்யூ எனும் பறத்தல் மீளாய்வை முடிக்க வேண்டும்.

பலர் கவனிக்காத ஒன்று: சான்றில் இந்திய உரிம எண் அச்சாகியிருக்கும். பறக்கும்போது அந்த உரிமமும் கையில் இருக்க வேண்டும். சி.பி.எல். (வணிக விமானி உரிமம்) வைத்திருந்தவர் ஏ.டி.பி.எல். (விமானப் போக்குவரத்து விமானி உரிமம்) வாங்கி எண் மாறிவிட்டால், அமெரிக்கச் சான்றுக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டியதுதான். இந்தச் சான்றை வைத்துக் கூலிக்கு ஓட்டவும் முடியாது.

இந்திய உரிமத்தைச் சாராத முழு அமெரிக்க ஐ.ஆர். வேண்டுமா? 40 மணி நேரக் கருவிப் பறத்தல், எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு எல்லாம் உண்டு. அங்கே பயிற்சி எடுக்க, அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான டி.எஸ்.ஏ.யின் பாதுகாப்பு அனுமதியும் முன்கூட்டியே வாங்க வேண்டும்.